மெடிக் வரும் வரை: ரேஞ்சர் ரெஜிமென்ட்டின் ரத்தப்போக்குப் பயிற்சி

தொடைத் தமனி அறுந்தவர் மூன்று நான்கு நிமிடங்களில் இறந்துபோகலாம். முப்பது நாற்பது பேர் கொண்ட பிளட்டூனுக்கு மெடிக் எனப்படும் கள மருத்துவ உதவியாளர் ஒருவர்தான். அவர் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொருவரின் நெஞ்சுக் காயத்தோடு போராடிக்கொண்டிருப்பார். இல்லையென்றால் முதல் குண்டே அவர் மேல் பாய்ந்திருக்கும். இந்தக் கணக்கில் மருத்துவம் கற்றவர் நேரத்துக்கு வந்து சேர்வார் என்று நம்பிப் பயனில்லை. ரத்தத்தை நிறுத்த வேண்டியது காயம்பட்டவரின் சொந்தக் கை, அல்லது அவருக்குப் பக்கத்தில் துப்பாக்கியோடு படுத்திருப்பவரின் கை.

இது எல்லாப் படைகளுக்கும் தெரிந்த செய்திதான். ஆனால் அதைத் தன் அன்றாடப் பயிற்சியாக மாற்றிக்கொண்டு, பலனைக் கணக்கெழுதியும் வைத்த படைப்பிரிவு என்று பார்த்தால் அமெரிக்க ராணுவத்தின் 75ஆம் ரேஞ்சர் ரெஜிமென்ட் முதலில் நிற்கிறது. 2001 அக்டோபர் முதல் 2010 மார்ச் வரை ஆப்கானிஸ்தானிலும் இராக்கிலும் இந்த ரெஜிமென்ட்டில் போர்க்காயம் அடைந்தவர்கள் 419 பேர். இறந்தவர்கள் 32 பேர். ரெஜிமென்ட்டின் மருத்துவ அதிகாரியாக இருந்த ரஸ் கோட்வால் குழுவினர் இந்த 32 இறப்புகளையும் ஒவ்வொன்றாக அலசி 2011இல் வெளியிட்டார்கள். மருத்துவமனைக்குப் போகும் முன் இன்னும் ஏதாவது செய்திருந்தால் பிழைத்திருப்பார் என்று சொல்லும்படி அதில் ஒருவர்கூட இல்லை. மருத்துவமனையில் கூடுதலாக ஏதேனும் செய்திருந்தால் ஒருவர் பிழைத்திருக்கலாம்.

அடிபட்டவர்களில் எத்தனை பேர் மருத்துவ நிலையத்தை எட்டும் முன்பே இறக்கிறார்கள் என்பதைக் காட்ட ஒரு விகிதம் உண்டு. 72 மணி நேரத்துக்குள் பணிக்குத் திரும்பிவிட்ட சிறுகாயக்காரர்களைக் கழித்துவிட்டுப் போடும் கணக்கு அது. ரேஞ்சர்களுக்கு அது 10.7 விழுக்காடு, அமெரிக்கப் படைகள் மொத்தத்துக்கும் 16.4. நிலையத்தை எட்டிய பின் இறந்தவர்களின் விகிதம் ரேஞ்சர்களில் 1.7, மொத்தப் படையில் 5.8. இருவருக்கும் மருந்து ஒன்று, ஹெலிகாப்டர் ஒன்று, அறுவை மருத்துவர்களும் ஏறத்தாழ ஒரே ஆட்கள். பயிற்சியில்தான் பெரிய வேறுபாடு.

பழைய பாடத்தில் இருந்த கோளாறு

வியட்நாம் போரில் கை கால்களிலிருந்து ரத்தம் கொட்டியதால் மட்டுமே 2,500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள் என்பது ராணுவ மருத்துவர்கள் போட்ட மதிப்பீடு. உடம்பில் வேறு பெரிய காயம் கிடையாது. ஓர் இறுக்குப்பட்டை இருந்திருந்தால் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். மருத்துவர்கள் டூர்னிக்கே என்று சொல்வது இந்தப் பட்டையைத்தான்: காயத்துக்கு மேலே கை காலைச் சுற்றி இறுக்கி, தமனியை அழுத்தி ஓட்டத்தை நிறுத்துவது.

இருந்தும் 1990களின் நடுப்பகுதி வரை மெடிக்குகளுக்குக் கற்பித்தது வேறு. பட்டை கட்டினால் காலே போய்விடும், ஆகவே கடைசிக் கையிருப்பாக மட்டும் வைத்துக்கொள் என்றார்கள். முதலில் மூச்சுப்பாதை, அடுத்து சுவாசம், அதன் பிறகே ரத்த ஓட்டம். கழுத்தில் குண்டு பாய்ந்தவருக்கும் கழுத்துப்பட்டி. நாடித்துடிப்பு நின்றவருக்கு நெஞ்சழுத்தம். எல்லாருக்கும் தாராளமாக உப்புநீர். இது முழுவதும் சாலை விபத்துக்கு எழுதிய பாடம். ஆம்புலன்ஸ் பத்து நிமிடத்தில் வரும், யாரும் சுட மாட்டார்கள் என்ற நினைப்பில் எழுதியது. சுடப்படும் இடத்தில் நெஞ்சழுத்தம் கொடுக்க மண்டியிடுபவர் அடுத்த பிணமாவார்.

கருவியும் உதவவில்லை. துணிப்பட்டையும் கொக்கியுமாகப் படைகளுக்கு வழங்கப்பட்ட பழைய வகை சரிவர இறுகாது என்று 1945லேயே ராணுவ மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள். அரை நூற்றாண்டு கழிந்தும் அது கிடங்கிலும் மருந்துப் பெட்டியிலும் கிடந்தது. மோசமான கருவியைக் கொடுத்துவிட்டு, அது வேலை செய்யவில்லை என்பதையே கட்டாமல் இருப்பதற்குக் காரணமாகக் காட்டினார்கள்.

1993 அக்டோபர் 3, 4 தேதிகளில் சோமாலியத் தலைநகர் மொகதிஷுவில் நடந்த சண்டை ரேஞ்சர்களை நேராகத் தாக்கியது. 18 அமெரிக்க வீரர்கள் இறந்தார்கள். அவர்களில் ஒரு ரேஞ்சருக்குத் தொடை இடுக்கருகே குண்டு பாய்ந்து, அறுந்த தமனி இடுப்புக்குள் இழுத்துக்கொண்டது. பட்டை கட்ட இடமே இல்லாத காயம். மீட்பு வாகனங்கள் வந்து சேர மணிக்கணக்கானது. அதற்குள் அவர் இறந்துபோனார். அங்கே மெடிக்குகளுக்குத் திறமைக் குறைவு இல்லை. சிகிச்சை, சண்டை, வெளியேற்றம் மூன்றும் ஒன்றோடொன்று பின்னிக்கிடக்கின்றன, ஒன்றைத் தனியே பிரித்துக் கற்பிப்பது பலிக்காது என்பதை அந்த இரவு காட்டியது.

1996இல் கடற்படை மருத்துவர் ஃபிராங்க் பட்லரும் உடன் பணியாற்றியவர்களும் வெளியிட்ட கட்டுரை அந்தப் பின்னலைப் பாடமாக்கியது. சிகிச்சையை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள்: குண்டு பாயும்போது, குண்டு நின்றபின் அதே களத்தில், வெளியேற்றும் வண்டியில். முதல் கட்டத்தில் திருப்பிச் சுடு, மறைவுக்குப் போ, கை காலில் ரத்தம் பீறிட்டால் பட்டையைக் கட்டு. வேறெதுவும் வேண்டாம். இந்தக் கட்டுரையின் துணிச்சல் அது சேர்த்ததைவிட நீக்கியதில் இருந்தது.

தளபதியின் நான்கு பாடங்களில் ஒன்று

கட்டுரை எல்லாப் படைகளுக்கும் கிடைத்தது. அதை ஏற்றுக்கொண்டவர்கள் சிலரே. ரேஞ்சர் ரெஜிமென்ட்டில் நடந்த மாற்றம் மருத்துவப் பிரிவிலிருந்து மட்டும் வரவில்லை. 1997 முதல் 1999 வரை ரெஜிமென்ட்டின் தளபதியாக இருந்த ஸ்டான்லி மெக்கிரிஸ்டல், பயிற்சியில் நான்கு விஷயங்களை முன்னுக்கு வைத்தார்: உடல் வலிமை, குறிபார்த்துச் சுடுதல், சிறுகுழுப் போர்முறை, மருத்துவம். நான்காவது அந்தப் பட்டியலில் இருப்பது சிறிய சங்கதியல்ல. சுடும் தேர்ச்சி குறைந்தால் கம்பெனித் தளபதி எப்படிப் பதில் சொல்ல வேண்டுமோ, அப்படியே மருத்துவத் தேர்ச்சி குறைந்தாலும் அவரே பதில் சொல்ல வேண்டும் என்றாகிவிட்டது.

மற்ற இடங்களில் முதலுதவி வகுப்பு என்பது மருத்துவ அதிகாரியின் தலைவலி. மழை பெய்து சுடுதளம் மூடப்பட்ட நாளில் நடக்கும். ஆள் குறைந்தால் யாரும் கேட்கமாட்டார்கள். தளபதியின் கணக்கில் ஏறியதும் பயிற்சி நேரமும் பணமும் தானாக வந்தன. எங்கள் பார்வையில், ரேஞ்சர்களின் எண்ணிக்கைகளுக்குப் பட்டையைவிட இந்த நிர்வாக மாற்றமே பெரிய காரணம். பட்டையை எவரும் காசு கொடுத்து வாங்கிவிடலாம்.

ஏற்பாடு மூன்று அடுக்காக இருந்தது. சமையல்காரர், எழுத்தர், கர்னல் என்று பாராமல் எல்லாரும் ‘ரேஞ்சர் ஃபர்ஸ்ட் ரெஸ்பாண்டர்’ என்ற அடிப்படைப் பயிற்சியை முடிக்க வேண்டும். அதற்கு மேல், சண்டைக் குழுக்களுக்குள் அவசரகால மருத்துவ உதவியாளர் அளவுக்குப் பயின்ற சாதாரணச் சிப்பாய்கள். அவர்களின் முதல் வேலை சுடுவதுதான். உச்சியில் மெடிக்குகள். தலைவர்களுக்கு வேறு ஒரு தனிப் பாடமும் இருந்தது. அதற்குப் பிறகு வருவோம்.

பட்டை கட்டுவதில் எங்கே தவறுகிறது

பரவலாகப் புழங்கும் காட் வகைப் பட்டை 2005 வாக்கில்தான் அமெரிக்கத் தரைப்படைக்குப் பொதுவாக வழங்கப்பட்டது. நாலு செ.மீ.க்குச் சற்றுக் குறைவான அகலமுள்ள வெல்க்ரோ பட்டை, ஒரு வளையம், ஒரு பிளாஸ்டிக் முறுக்குக் கம்பு, அது திரும்பிவிடாமல் பிடிக்கும் கொக்கி, நேரம் எழுத ஒரு வெள்ளைத் துண்டு. ஒரே கையால் கட்டிக்கொள்ளும்படி அமைந்தது. பார்த்தால் ஐந்து நிமிட வகுப்பு போதும் என்று தோன்றும். தவறுகள் தொடங்குவது அங்கேதான்.

முதல் தவறு தொய்வு. பட்டையைக் கையால் முழு பலத்தோடு இழுக்காமல், மிச்சத்தைக் கம்பு பார்த்துக்கொள்ளும் என்று முறுக்கத் தொடங்குகிறார்கள். முறுக்கு முழுவதும் தொய்வை உறிஞ்சுவதிலேயே தீர்ந்துவிடும். மேலும் திருகினால் பட்டை சுருண்டு தோலைக் கவ்வும், கம்பு உடைவதும் உண்டு. சரியாக இழுத்த பட்டைக்கு அடியில் விரல் நுனிகள் நுழையாது. அதற்குப் பிறகு ஏறக்குறைய மூன்று அரைச் சுற்றில் ரத்தம் நின்றுவிட வேண்டும். நிற்கவில்லையென்றால் முறுக்கிக்கொண்டே போகாமல், அவிழ்த்துத் தொய்வை எடுத்துவிட்டு மறுபடி தொடங்கு.

இரண்டாவது தவறு இதைவிட ஆபத்தானது. பாதி இறுக்கினால் சிரை அடைபடும், தமனி அடைபடாது. உள்ளே ரத்தம் போய்க்கொண்டே இருக்கும், திரும்பி வர வழியில்லாமல் காயத்தின் வழியாக வெளியேறும். கட்டாமல் விட்டதைவிட மோசம். இந்தப் பழக்கம் வகுப்பறையிலேயே ஊறிவிடுகிறது. பயிற்சியில் படுத்திருப்பவர் நண்பர். வலிக்கிறது என்று முகம் சுளிக்கிறார். கட்டுபவர் ‘போதும்’ என்று நிறுத்துகிறார். நூறு முறை இப்படிச் செய்த கை களத்திலும் அந்த அளவோடுதான் நிற்கும். ஆகவே பயிற்சியில் கணுக்காலிலோ மணிக்கட்டிலோ நாடி நிற்கும் வரை உண்மையாகவே இறுக்க வேண்டும். பயிற்றுநர் விரல் வைத்துப் பார்த்து ‘இல்லை’ என்றதும் உடனே அவிழ்த்துவிடலாம். அந்தச் சில விநாடி வலியைத் தவிர்க்கும் பயிற்சிக்கு மதிப்பில்லை. நிஜத்தில் சுயநினைவோடு இருப்பவர் பட்டையை எடுக்கச் சொல்லிக் கத்துவார். அந்தச் சத்தம் சரியாகக் கட்டியதன் அடையாளம் என்று முன்பே கேட்டுப் பழகியவர்தான் கையை எடுக்காமல் இருப்பார்.

மூன்றாவது, இடம். குண்டு பாயும்போது உடையைக் கிழித்துக் காயம் தேட நேரமில்லை. கை காலின் அடிவரை மேலேற்றி, உடையின் மேலேயே கட்டிவிட வேண்டும். கால்சட்டைப் பையில் கத்தியோ துப்பாக்கி உறையோ இருந்தால் அழுத்தம் அதன் மேல் போய்விடும். தொட்டுப் பார்த்துவிட்டுக் கட்டு. மறைவுக்கு வந்தபின் உடையை வெட்டி, காயத்துக்கு 5 முதல் 8 செ.மீ. மேலே தோலின் மீது இன்னொன்றைக் கட்டிய பிறகு முதல் பட்டையைத் தளர்த்துவார்கள். முழங்கால், முழங்கை மூட்டின் மேல் கட்டக் கூடாது. பருத்த தொடைக்கு ஒன்று போதாமல் போனால் அதற்கு ஒட்டி இரண்டாவது.

பிறகு கருவியின் பராமரிப்பு. உறை பிரிக்காத பட்டையை அப்படியே கவசத்தில் மாட்டியிருப்பார்கள். ரத்தம் படிந்த விரலால் அந்தப் பிளாஸ்டிக் உறையைக் கிழிக்க முடியாது. வெயிலில் மாதக்கணக்கில் தொங்கிய பட்டையின் பிளாஸ்டிக் நொறுங்கும். பயிற்சிக்குப் பலமுறை முறுக்கிய பட்டையைப் போருக்கு எடுத்துச் செல்வது இன்னொரு முட்டாள்தனம். அதைத் தடுக்கத்தான் பயிற்சிப் பட்டைகள் நீல நிறத்தில் வருகின்றன. பழைய தலைமுறைப் பட்டைகளில் காலுக்குக் கட்டும்போது வளையத்தில் இருமுறை கோக்க வேண்டும், கைக்கு ஒருமுறை. பதற்றத்தில் இந்த வேறுபாடு யாருக்கும் நினைவிருக்காது. ஏழாம் தலைமுறையில் எல்லாவற்றுக்கும் ஒரே கோர்ப்பு என்று மாற்றினார்கள்; பாடத்தில் ஒரு வரி குறைந்தது.

இத்தனைக்கும் தரம் ஒன்றுதான்: ஒரு நிமிடத்துக்குள் ரத்தம் நிற்க வேண்டும். பகலில் நின்றபடி அதைச் செய்வது எளிது. அதே வேலையை ஓடி வந்து மூச்சிரைக்கும்போது, கையுறையோடு, இரவுக்காட்சிக் கருவி மாட்டிக்கொண்டு, வண்டியின் இருக்கைக்கும் கதவுக்கும் நடுவே சிக்கியபடி, இடது கையால் மட்டும் செய்து காட்டினால்தான் தேர்ச்சி. குழாய் வழியாகப் பொய் ரத்தம் பீறிடும் பொம்மைக் காலில் ஒருமுறை கை வழுக்கிய அனுபவம் பத்துப் பட விளக்கங்களுக்குச் சமம். நடத்துபவர் வாயால் ‘ரத்தம் நின்றுவிட்டது’ என்று சொல்வது கூடாது, நின்றால்தான் நின்றது.

எல்லாருடைய முதலுதவிப் பையும் கவசத்தில் ஒரே இடத்தில், இரு கைக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். காயம்பட்டவரின் பையிலிருந்தே எடுக்க வேண்டும். தன் பை தனக்கு.

பட்டை எட்டாத இடங்கள்

அக்குள், தொடை இடுக்கு, கழுத்தடி ஆகிய இடங்களில் பட்டை கட்ட முடியாது. அங்கே களிமண் கனிமம் பூசிய காஸ் துணியைத் திணிக்கிறார்கள். 7.5 செ.மீ. அகலம், 3.7 மீட்டர் நீளம். துணியைக் காயத்தின் மேலே வைப்பது பொதுவான பிழை. விரலை உள்ளே விட்டு ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தடவிக் கண்டு, அந்த இடத்தில் தொடங்கி எலும்பைத் தொடும்வரை அடைத்து, முழு உடல் எடையோடு குறைந்தது மூன்று நிமிடம் அழுத்த வேண்டும். ஒரு நிமிடத்தில் ‘நின்றுவிட்டதா’ என்று எடுத்துப் பார்ப்பவர் அப்போதுதான் உறையத் தொடங்கிய ரத்தத்தைக் கலைத்துவிடுவார். மூன்று நிமிடம் அசையாமல் இருப்பது சண்டையில் எவ்வளவு நீளம் என்பதையும் பயிற்சியில் கடிகாரம் வைத்தே உணர்த்த முடியும்.

ரத்தம் நின்றபின் மூச்சுப்பாதை, நெஞ்சு, ரத்த ஓட்டம், கடைசியில் உடல் சூடு என்று வரிசை போகும். சூடு பற்றிய பகுதியை எல்லாரும் அலட்சியப்படுத்துவார்கள். ரத்தம் இழந்த உடம்பு பாலைவன வெயிலிலும் குளிரும். குளிர்ந்த ரத்தம் உறையாது. ஹெலிகாப்டரின் திறந்த கதவுக் காற்று மிச்சச் சூட்டையும் கொண்டுபோய்விடும். தரையிலிருந்து பிரிக்கும் பாயும் போர்த்தும் உறையும் அடிபட்ட நிமிடத்திலிருந்தே வேண்டும்.

தலைவருக்கான பாடம்

ஒருவர் விழுந்தால் குழுத்தலைவருக்குக் குறைவது ஓர் ஆள் அல்ல. ஸ்ட்ரெச்சர் தூக்க நால்வர், அவர்களுக்குக் காவல், ரேடியோவில் பேச ஒருவர். ஒன்பது பேர் குழுவில் ஒரு காயம் என்றால் தாக்குதல் அங்கேயே நின்றுபோகும். யார் இழுப்பது, எந்த மறைவுக்கு, விழுந்தவரின் துப்பாக்கியும் ரேடியோவும் யார் கையில், இலக்கை நோக்கிப் போவதா நிறுத்துவதா: இவை மருத்துவக் கேள்விகள் அல்ல, அதனால் மெடிக் பதில் சொல்ல முடியாது. தலையில் அடிபட்டுக் குழம்பியவரிடமிருந்து ஆயுதத்தை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதும் தலைவர் நினைவில் வைக்க வேண்டியது.

ரேஞ்சர் தலைவர்களுக்கான தனிப் பாடம் இந்த முடிவுகளைப் பற்றியது. சண்டை ஒத்திகைகளில் காயமும் ஒரு பகுதியாக நுழைந்தது. ஒத்திகையின் நடுவே மெடிக்கையே ‘அடிபட்டவர்’ என்று அறிவிப்பது பழைய, ஆனால் சிறந்த உத்தி. எந்தப் பிளட்டூன் மெடிக்கை மட்டுமே நம்பியிருக்கிறது என்பது அடுத்த இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

எழுதி வைத்ததால் தெரிந்தது

ரெஜிமென்ட் தனக்கென ஒரு காயப் பதிவேட்டை வைத்திருந்தது. என்ன காயம், யார் முதலில் கை வைத்தார், என்ன செய்தார் என்பதை ஓர் அட்டையில் குறித்து, பிறகு விவரமாக எழுதி, அதை வைத்துப் பாடத்தையும் பையின் உள்ளடக்கத்தையும் திருத்தினார்கள். சிகிச்சையில் கணிசமான பங்கை மருத்துவப் பிரிவு சாராதவர்களே செய்தார்கள் என்பது அந்தப் பதிவேட்டிலிருந்துதான் தெரியவந்தது. பதிவு இல்லாத படைகளுக்குத் தாங்கள் எங்கே தவறுகிறோம் என்பதே தெரிந்திருக்காது.

பட்டை கட்டினால் கால் போகும் என்ற பழைய அச்சத்தையும் எண்கள் தீர்த்துவைத்தன. பாக்தாத் ராணுவ மருத்துவமனையில் ஜான் கிராக் குழுவினர் பட்டையோடு வந்த 232 பேரைக் கவனித்தார்கள். பட்டை கட்டியதாலேயே கை காலை இழந்தவர் ஒருவரும் இல்லை. அதிர்ச்சி நிலைக்கு, அதாவது ரத்தம் இழந்து உடம்பின் ரத்த ஓட்டமே தளரும் நிலைக்கு, போகும் முன் கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். போன பின் கட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினரே. அந்த இடைவெளி நிமிடங்களின் இடைவெளி. மொத்த அமெரிக்கப் படையில் 2006க்கு முன் கை கால் ரத்தப்போக்கால் ஆண்டுக்குச் சராசரியாக 23.3 பேர் இறந்துகொண்டிருந்தார்கள். பட்டையும் பயிற்சியும் பரவிய பின், 2010, 2011 வாக்கில் அது 3.5 ஆகக் குறைந்தது. ரேஞ்சர்கள் 1990களின் இறுதியில் தொடங்கியதை மற்றவர்கள் ஏழெட்டு ஆண்டு தாமதித்ததன் விலையையும் அந்த 23.3லேயே படிக்கலாம்.

ரேஞ்சர் எண்களைக் கண்ணை மூடிக்கொண்டு ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் பொறுக்கி எடுக்கப்பட்ட வீரர்கள், பயிற்சி நேரம் ஏராளம், பெரும்பாலும் தாங்களே தேர்ந்தெடுத்த இரவில் பாய்ந்து அடிப்பவர்கள். 32 என்பதும் சிறிய எண். சாலைக்காவலில் மாதக்கணக்கில் நிற்கும் காலாட்படையோடு நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனாலும் தவிர்த்திருக்கக்கூடிய இறப்பு, மருத்துவமனைக்கு முன், பூஜ்யம் என்பது தேர்ந்தெடுத்த வீரர்கள் என்பதால் மட்டும் வந்துவிடாது. அதே ஆண்டுகளில் மொத்தப் படையிலும் மருத்துவமனையை எட்டும் முன் இறந்தவர்களை பிரையன் ஈஸ்ட்ரிட்ஜ் குழுவினர் ஆராய்ந்தபோது, ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பிழைத்திருக்கக்கூடியவர் என்று கண்டார்கள். பிழைத்திருக்கக்கூடிய அந்த 976 பேரில் 90.9 விழுக்காட்டினரைக் கொண்டுபோனது ரத்தப்போக்கு. அதிலும் மூன்றில் இரண்டு பங்கு நெஞ்சுக்குள்ளும் வயிற்றுக்குள்ளும். அங்கே பட்டையும் இல்லை, துணியும் இல்லை. ரத்தம் ஏற்றுவதும் கத்தியும்தான். ரேஞ்சர்கள் பின்னர் தங்களுக்குள்ளேயே ஓ வகை ரத்தக்காரர்களை முன்கூட்டிச் சோதித்து வைத்து, களத்திலேயே முழு ரத்தம் எடுத்து ஏற்றும் ஏற்பாட்டுக்குப் போனது இதனால்தான்.

இந்தப் பாடத்தில் இப்போது வெடித்திருக்கும் விரிசல் நேரம் சார்ந்தது. 2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் ஒரு மணி நேரத்துக்குள் காயம்பட்டவரை வெளியேற்ற வேண்டும் என்று ஆணையிட்டார். வானம் தங்கள் கையில் இருந்ததால் அது நடந்தது. பட்டையைக் கட்டிவிட்டால் மீதியை மருத்துவமனை பார்த்துக்கொள்ளும் என்ற பழக்கம் அங்கே ஊறியது. 2022க்குப் பின் உக்ரைனில் டிரோன்கள் பகலில் எந்த வண்டியையும் நெருங்க விடுவதில்லை; காயம்பட்டவர்கள் பதுங்குகுழியில் பல மணி நேரம் கிடக்கிறார்கள். பட்டையே தேவைப்படாத காயத்துக்கும் கட்டி, யாரும் திரும்பப் பார்க்காமல், காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களை வெட்ட நேர்ந்த செய்திகள் அங்கிருந்து வருகின்றன.

ஆகவே இன்று ‘கட்டு’ என்பதோடு ‘மறுபடி பார்’ என்பதையும் அதே அளவு பழக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மணி நேரத்துக்குள், அடிபட்டவர் அதிர்ச்சியில் இல்லை, காயத்தைத் தொடர்ந்து கவனிக்க ஆள் உண்டு, கை கால் துண்டாகவில்லை என்றால், காயத்தில் துணியை அடைத்து அழுத்துக்கட்டு போட்டுவிட்டு, முறுக்கை மெல்ல மெல்லத் தளர்த்திப் பார்க்கலாம். தளர்த்திய பட்டையைக் கழற்றாமல் அதே இடத்தில் தொங்க விட வேண்டும். ரத்தம் மறுபடி கசிந்தால் உடனே முறுக்கிவிடலாம். ஆறு மணி நேரம் தாண்டிவிட்டால் களத்தில் தொடக் கூடாது, அது அறுவை மருத்துவரின் வேலை. இவற்றில் எதைச் செய்யலாம் என்பதைக் கட்டிய நேரம்தான் தீர்மானிக்கும். பயிற்சிக் களத்தில் வரிசையாகப் பார்த்துக்கொண்டு போனால் அதிகம் பேர் நிரப்பாமல் விட்டிருப்பது அந்த வெள்ளைத் துண்டைத்தான்.